பட்டறையில் ஒரு நோட்டு தொங்கட்டும்

பினாங்கில் சிறுதொழில் நடத்துபவர்களுக்கு ஒரு குறிப்பு. வேலை நடக்கும் இடத்திலேயே ஒரு நோட்டையும் பேனாவையும் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். யோசனை தோன்றினால் யாரும் எழுதலாம். தமிழோ மலாயோ, எதுவானாலும் சரி. டொயோட்டா 1951-லேயே தொழிலாளர்களிடம் யோசனை கேட்கும் முறையைத் தொடங்கிவிட்டது.

ஆனால் ஒரு வாரத்துக்குள் பதில் சொல்லியே ஆக வேண்டும், முடியாது என்றாலும் காரணத்தோடு. பதில் வராத நோட்டில் இரண்டாம் முறை யாரும் எழுத மாட்டார்கள்.

எங்கள் மசாலா பட்டறையில் லேபல் ஒட்டும் அக்கா எழுதியது ஒரே வரி: “மிளகாய்த்தூளுக்குச் சிவப்பு மூடி, மல்லித்தூளுக்குப் பச்சை.” முதலில் இருபது டப்பாவில் மட்டும் செய்து பார்த்தோம். லிட்டில் இந்தியா கடைக்காரர்கள் அதையே கேட்டு வாங்கத் தொடங்கினார்கள்.

அப்புறம், எழுதியவர் பெயரைச் சொல்லிப் பாராட்டுங்கள். அதை முதலாளியின் யோசனையாக ஆக்கிவிடாதீர்கள்.