முதியோர் கொடுப்பனவு நின்றுபோனால்

இலங்கை அரசாங்கம் செலவைக் குறைத்தால் திருகோணமலை மாவட்டத்தின் மூதூர், வெருகல் பக்கம் தனியாக இருக்கும் அம்மம்மாக்களுக்குத்தான் முதல் அடி, கொடுப்பனவுப் பட்டியலில் பெயர் விடுபட்டதை யாரும் வீடு தேடி வந்து சொல்லமாட்டார்கள். 2023இல் சமுர்த்தி என்ற நிவாரண உதவி போய் அஸ்வெசும என்ற புதிய உதவித் திட்டம் வந்தபோதும் மேன்முறையீடுகள் குவிந்தன.

முதலில் வங்கிப் புத்தகத்தைப் பதிந்து, கடைசியாக எந்த மாதம் பணம் விழுந்தது என்று பாருங்கள். அப்புறம் அடையாள அட்டையில் உள்ள பெயரும் புத்தகத்தில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதானா? இரண்டையும் கொண்டு கிராம சேவகரிடம் போங்கள், நடக்க முடியாதவர் என்றால் பிள்ளைகள் போகலாமா என்று முன்பே கேளுங்கள். அங்கே சரிவராவிட்டால் பிரதேச செயலகத்தில் கடிதமாகவே கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். ஓய்வூதியம் நின்றிருந்தால், ஆள் உயிரோடு இருப்பதைக் காட்டும் அந்த வருடத்து உயிர்வாழ் சான்றிதழ் கொடுத்தாயிற்றா என்று முதலில் பாருங்கள்.