படுத்த படுக்கையாக இருப்பவருக்கு வார்டில் கவனிப்பு குறைந்தால் என்ன செய்வது

அப்பா முற்றத்துப் பாசியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நாலாம் நாள் சாயங்காலம் அவர் முதுகுக்கும் விரிப்புக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தேன். விரிப்பு ஈரமாக இருந்தது. இடுப்புக்குக் கீழே தோல் சுட்டது, சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளுக்கவும் இல்லை, அதுதான் படுக்கைப் புண்ணின் தொடக்கம். கட்டிலில் தொங்கிய தாளில் இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்க வைத்ததாக டிக் போட்டிருந்தது. மதியம் 2 மணிக்கும் டிக். அந்த நேரத்தில் அப்பா கீழே எக்ஸ்ரே அறை வாசலில் ஸ்ட்ரெச்சரில் கிடந்தார், பக்கத்தில் நின்றது நான்.

27 வருஷம் நர்ஸாக வார்டில் நின்றவள் நான், என் கண்ணுக்கே நாலு நாள் கழித்துத்தான் பட்டது. மருத்துவம் படிக்காத பைஸ்டாண்டர், அதாவது நோயாளிக்குத் துணையாக நிற்கும் வீட்டு ஆள், எதைப் பார்க்க வேண்டும், யாரிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்று எழுதத் தோன்றியது அதனால்தான்.

டாக்டர் எழுதிய ஊசியைப் போடுவதோடு நர்ஸ் வேலை முடிவதில்லை. புரட்டிப் படுக்க வைப்பது, நனைந்த துணியை மாற்றுவது, வாய் துடைப்பது, சாப்பாடு இறங்குகிறதா என்று பார்ப்பது, நிலைமை மாறினால் டாக்டரை அழைப்பது, செய்ததைச் செய்த நேரத்தோடு எழுதுவது எல்லாமே பதிவு பெற்ற நர்ஸின் பொறுப்புதான். நம்ம ஊரில் இதில் பாதியை மகளும் மருமகளும் மாறி மாறி நின்று செய்துவிடுவோம். செய்யலாம், ஆனால் நாம் செய்கிறோம் என்பதற்காக அவர்கள் பார்க்க வேண்டியதில்லை என்று ஆகிவிடாது.

காலையும் இரவும் ஒருமுறை உடம்பைப் பாருங்கள். பின்தலை, தோள்பட்டை, முழங்கை, இடுப்புக்குக் கீழே, குதிகால், இந்த இடங்களில்தான் புண் முதலில் வரும். சிவந்திருந்தால் அழுத்திப் பாருங்கள், தேய்க்கவே கூடாது. தோல் கறுப்பாக இருப்பவர்களுக்குச் சிவப்பு தெரியாது, சூடும் கெட்டித்தன்மையும்தான் அடையாளம். டிரிப்ஸ் ஊசி குத்திய இடம் வீங்கியோ சூடாகவோ வலித்தோ இருந்தால் காலை வரை பொறுக்காதீர்கள், அப்போதே சொல்லுங்கள். சிறுநீர் போக டியூப் போட்டிருந்தால் அதன் பை கட்டிலுக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் கிடக்கக் கூடாது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு மணிக்குச் சுமார் 30 மில்லியாவது சிறுநீர் இறங்க வேண்டும், இரண்டு மூன்று மணி நேரமாகப் பை அப்படியே இருந்தால் டியூப் தொடைக்கு அடியில் மடங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள். மூக்குக் குழாயில் கஞ்சித் தண்ணியோ பாலோ கொடுக்கும்போது தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும், கொடுத்த பிறகும் அரை மணி நேரமாவது அப்படியே இருக்க வேண்டும், இல்லையென்றால் நுரையீரலுக்குள் போய்விடும். இடுப்பு, முதுகெலும்பு முறிவு உள்ளவரை மட்டும் நீங்களாகப் புரட்டாதீர்கள், சிஸ்டர் கூட இருக்க வேண்டும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மணி, பார்த்தது, யாரிடம் சொன்னது, என்ன பதில், அவ்வளவுதான். கோபத்தை அதில் எழுத வேண்டாம். "இரவு 11.20, பேண்ட் நனைந்திருந்தது, சொன்னேன், 1.05க்கு மாற்றினார்கள்" என்ற ஒரு வரிக்கு இருக்கும் பலம் பத்து வரி ஏச்சுக்கு இல்லை.

கேட்கும்போது வேலையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். "ஏன் இப்படி அலட்சியமா இருக்கிறீங்க" என்று ஆரம்பித்தால் பேச்சு அதோடு முடிந்துவிடும். அன்று டியூட்டியில் இருந்த பிள்ளைக்கு என் மகள் வயது இருக்கும். "மக்களே, அப்பாவக் கடைசியா எப்பம் புரட்டினது? இப்பம் நாம ரெண்டு பேருமா புரட்டிருவோமா?" என்றேன். "ஆன்ட்டி, காலையில இருந்து நான் ஒருத்திதான், 22 பெட்டு" என்றாள். அது பொய் இல்லை. பொது வார்டில் ஆறு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்று நம் நாட்டில் வகுத்து வைத்த கணக்கு இருக்கிறது, அதற்கு ஆள் போடாதது நிர்வாகத்தின் தப்பு. செய்யாத வேலைக்கு டிக் போட்டது அவள் தப்பு. புகாரில் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள், எல்லாவற்றையும் அவள் தலையில் கட்டினால் அவளை அனுப்பிவிட்டு அதே 22 பெட்டுக்கு இன்னொருத்தியை நிறுத்துவார்கள்.

நர்சிங் படித்த பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால் ஒன்று சொல்கிறேன். முடியவில்லை என்றால் முடியவில்லை என்று நேரத்தோடு எழுதி இன்சார்ஜிடம் சொல்லுங்கள். காலி இடத்தைவிடப் பொய் டிக் ஆபத்தானது, அடுத்த டியூட்டிக்கு வருபவள் அதை நம்பி இன்னும் இரண்டு மணி நேரம் விட்டுவிடுவாள்.

சரி, சொல்லியும் மாறவில்லை என்றால் வார்டு இன்சார்ஜ், அப்புறம் நர்சிங் சூப்பிரண்டு, அப்புறம் மருத்துவக் கண்காணிப்பாளர். ஆசாரிப்பள்ளம் அரசு மெடிக்கல் காலேஜ் போன்ற இடமென்றால் ஆர்.எம்.ஓ (நிலைய மருத்துவ அலுவலர்), டீன் என்று போகும். இரண்டாம் படியிலிருந்து எழுதிக் கொடுங்கள், நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். கத்துவதும் கை ஓங்குவதும் வேண்டவே வேண்டாம், மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008 முதல் தனிச் சட்டம் இருக்கிறது, உங்கள் நியாயமான புகார் அதில் அடிபட்டுப் போகும்.

கேஸ் ஷீட், அதாவது சிகிச்சைப் பதிவுத் தாள்களின் நகலைக் கேட்டு வாங்குங்கள். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002 ஒழுங்குமுறை விதிகள் சொல்கின்றன. டாக்டர் எழுதியது மட்டும் போதாது, நர்ஸ் நோட்ஸ், மருந்துத் தாள், புரட்டிய தாள் எல்லாம் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். உங்கள் நோட்டையும் அந்தத் தாள்களையும் பக்கத்தில் வைத்து மணி மணியாக ஒப்பிட்டால் எங்கே ஓட்டை என்று தானாகத் தெரியும்.

வெளியே போக வேண்டுமென்றால், தனியார் ஆஸ்பத்திரி பற்றி மாவட்டத்தில் நலப்பணிகள் இணை இயக்குநரிடம் கொடுக்கலாம். குறிப்பிட்ட நர்ஸின் நடத்தை பற்றியென்றால் சென்னையில் உள்ள தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலுக்கு எழுதலாம். நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு நாளிலும் கொடுக்கலாம், அரசின் சுகாதார உதவி எண் 104க்கும் கூப்பிடலாம். நஷ்ட ஈடு கேட்பதென்றால் நுகர்வோர் ஆணையம், சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். எல்லோருக்கும் முழுக்க இலவசமாகப் பார்க்கும் ஆஸ்பத்திரி இதில் வராது என்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்தில் பலரும் திருவனந்தபுரத்துக்குத்தான் கொண்டுபோவார்கள். அங்கே நடந்த குறைக்கு நம் இணை இயக்குநர் ஒன்றும் செய்ய முடியாது, கேரளத்து அதிகாரிகளிடம்தான் போக வேண்டும். ஆனால் 2019 நுகர்வோர் சட்டப்படி புகார் கொடுப்பவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், அதற்காக எல்லை தாண்டி அலைய வேண்டாம்.