வாய்க்கால் தூர்வார வைக்க ஒரு வாட்ஸ்அப் பிரச்சாரம்

"கடலூரைக் காப்பாற்றுங்கள்" என்று பதிவு போட்டால் நிறைய லைக் விழும், ஆனால் அதைப் படிக்கிற எந்த அதிகாரிக்கும் நாளைக் காலையில் தான் எந்த இடத்துக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்று தெரியாது. "புதுப்பாளையத்தில் இந்தத் தெருவில், இந்தக் கல்வெர்ட்டிலிருந்து (சிறுபாலத்திலிருந்து) அந்த முனை வரை வாய்க்கால் அடைந்திருக்கிறது, அக்டோபர் 10க்குள் தூர்வார வேண்டும்" என்று போடுங்கள். பார்க்கிறவர்கள் குறைவாக இருந்தாலும் வேலை நடக்கும் வாய்ப்பு அதிகம். யார் செய்ய வேண்டும், எதை, எந்தத் தேதிக்குள். இந்த மூன்றும் ஒரே வாக்கியத்தில் வராத வரை போனைக் கையில் எடுக்காதீர்கள்.

அந்த "யார்" என்பதைக் கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. தெரு வாய்க்கால் என்றால் மாநகராட்சி (கடலூர் 2021ல் மாநகராட்சி ஆனது), கிராமம் என்றால் ஊராட்சி, கெடிலம் ஆற்றங்கரை என்றால் நீர்வளத் துறை, பெரிய சாலையோர வடிகால் என்றால் பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறை. புதுச்சேரிப் பக்கம் கதை வேறு. அங்கே 2006க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை, டேக் செய்ய கவுன்சிலர் கிடையாது, நகராட்சி அல்லது கொம்யூன் பஞ்சாயத்து ஆணையரையும் சட்டமன்ற உறுப்பினரையும்தான் நேராகக் கேட்க வேண்டும். தென்பெண்ணை ஆற்றங்கரையில் இருப்பவர்கள் இதை இரட்டிப்பாகக் கவனிக்க வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணைத் தண்ணீர் வந்தபோது கடலூர்ப் பக்கம் நாணமேடும் முழுகியது, புதுச்சேரியின் பாகூர்ப் பக்கம் சோரியாங்குப்பமும் முழுகியது, ஆனால் மனு கொடுக்க வேண்டிய அலுவலகம் இரண்டு அரசுகளில் இருக்கிறது.

அடுத்தது ஆதாரம். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டைப் பகுதி மக்கள் 2004ல் காற்றைப் பிளாஸ்டிக் வாளிக் கருவியில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள் என்பது நம் ஊர்க்காரர்கள் பலருக்கு நினைவிருக்கும். "நாற்றம் அடிக்கிறது" என்று சொன்னவரை யாரும் மறுத்துவிடலாம், காற்றில் என்ன இருக்கிறது என்ற ஆய்வக அறிக்கையை அப்படி மறுக்க முடியாது. ஃபேஸ்புக்கெல்லாம் ஊருக்குள் வருவதற்கு முன்பே அவர்கள் செய்த காரியம் அது, இன்றைக்கும் பிரச்சாரத்துக்கு அதுதான் வழி. எனவே படம் எடுக்கும்போது தேதி, நேரம், இடம் மூன்றும் படத்திலேயே விழுகிற ஜிபிஎஸ் கேமரா ஆப்பில் எடுங்கள். ஒரே இடத்தை ஒரே கோணத்தில் வாரம் ஒருமுறை எடுங்கள். அசல் படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்பிப் பத்திரப்படுத்துங்கள்.

எங்கள் குழுவில் ஒரு தம்பி அவசரத்தில் 2015 வெள்ளப் படத்தை 2024 படம் என்று போட்டுவிட்டார். அரை மணி நேரத்தில் அழித்தோம், மன்னிப்பும் கேட்டோம். ஆனாலும் அடுத்த ஒரு மாதத்துக்கு நாங்கள் எந்தப் படம் போட்டாலும் "இது எந்த வருஷம்?" என்று கேள்வி வந்தது. அதற்குப் பிறகு இரண்டு பேர் பார்த்துச் சரி சொல்லாமல் எதுவும் வெளியே போகக் கூடாது என்று வைத்துக்கொண்டோம். நீங்கள் முதல் நாளே அப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்களைச் சேர்ப்பதற்கு இங்கே வாட்ஸ்அப்தான். இன்ஸ்டாகிராம் கல்லூரிப் பிள்ளைகளுக்கு, எக்ஸ் தளம் அதிகாரிகளுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும், தெரு மக்கள் வாட்ஸ்அப்பில்தான் இருக்கிறார்கள். சாதாரணக் குரூப்பில் 1024 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் எல்லோருடைய நம்பரும் எல்லோருக்கும் தெரியும், அதனாலேயே பெண்கள் பலர் வெளியேறிவிடுகிறார்கள். வாட்ஸ்அப்பிலேயே பல குரூப்புகளை ஒன்றாகச் சேர்க்கிற கம்யூனிட்டி ஆரம்பித்து அதன் அறிவிப்புக் குரூப்பில் சேர்த்தால் நம்பர் அட்மினுக்கு மட்டும்தான் தெரியும். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்புகிற பிராட்காஸ்ட் லிஸ்ட் வேண்டுமென்றால் 256 பேர் வரைதான், அதிலும் உங்கள் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும், இது தெரியாமல் "அனுப்பினேனே" என்று உட்கார்ந்திருப்பவர்கள் அதிகம்.

ஃபார்வர்டை நம்பாதீர்கள். ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் தள்ள முடியாது, பலமுறை கைமாறி இரட்டை அம்புக்குறி விழுந்துவிட்டால் ஒரு தடவைக்கு ஓர் இடம்தான். அதைவிட, அந்தக் குறியைப் பார்த்ததும் ஆட்கள் படிக்காமலேயே தள்ளிவிடுகிறார்கள். தெருவுக்கு ஒருவரைப் பிடித்து, அவருடைய சொந்தப் போனிலிருந்து, அவர் பேசுகிற மாதிரியே ஒரு நிமிட வாய்ஸ் மெசேஜ் அனுப்பச் சொல்லுங்கள். தேவனாம்பட்டினத்திலோ சிங்காரத்தோப்பிலோ எழுத்தை ஸ்க்ரோல் செய்து படிக்காத பெரியவர்கள், தெரிந்த பையனின் குரல் என்றால் நின்று கேட்பார்கள். இவை போன்ற மீனவர் ஊரில் எதையும் தொடங்கும் முன் ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள், போனில் வேண்டாம்.

வீடியோ என்றால் போனை நிமிர்த்திப் பிடித்து, முப்பது நாற்பது விநாடி. முதல் வார்த்தையே இடத்தின் பெயராக இருக்கட்டும். பஸ்ஸில் சத்தமில்லாமல் பார்ப்பார்கள், தமிழில் எழுத்து ஓட விடுங்கள். பாதிக்கப்பட்டவரைப் பேசச் சொல்லும் முன் அவரிடம் சம்மதம் கேளுங்கள், குழந்தைகள் முகம் வேண்டாம்.

சரி, பதிவு போட்டாயிற்று, அப்புறம்? பதிவோடு நின்றால் அது பேச்சாகவே போய்விடும், காகிதமும் வேண்டும். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர் நாள் மனு கொடுங்கள், ரசீதைப் படம் எடுத்துக் குரூப்பில் போடுங்கள், "மனு கொடுத்து 12 நாள்" என்று எண்ணிக்கொண்டே வாருங்கள். ஊராட்சி என்றால் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை உண்டு. அதற்கு முந்தின வாரம் முழுக்க ஆள் சேர்க்கப் பதிவு போட்டு, அங்கே தீர்மானமாக எழுதி வாங்குங்கள். பதில் வரவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்ட மனு, கட்டணம் பத்து ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும்.

தேர்தல் நேரத்தில் இதே ஆட்கள் வேட்பாளருக்கும் வேலை செய்வார்கள், தவறில்லை, ஆனால் அதைத் தனிக் கணக்கில் செய்யுங்கள். வேட்பாளர் தன் சமூக ஊடகக் கணக்குகளைப் வேட்புமனுவோடு கொடுக்கிற படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும், காசு கொடுத்துப் போடுகிற விளம்பரத்துக்கு தேர்தல் ஆணையத்தின் ஊடகச் சான்றளிப்புக் குழுவின் முன் அனுமதி வேண்டும், அந்தச் செலவும் தமிழகச் சட்டமன்றத் தேர்தலுக்கு உள்ள 40 லட்சம் வரம்புக்குள் சேரும். ஃபேஸ்புக்கில் அரசியல் விளம்பரம் போட்டால் யார் பணம் என்பது ஏழு வருஷம் விளம்பர நூலகத்தில் கிடக்கும். வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் பிரச்சாரம் கிடையாது. யாராவது பணம் கொடுப்பதைப் பார்த்தால் குரூப்பில் போட்டுச் சண்டை வளர்க்காமல் தேர்தல் ஆணையத்தின் புகார் வசதியான சி-விஜிலில் படமெடுத்துப் போடுங்கள், 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை எடுப்பதுதான் அதன் நடைமுறை.

குரூப்பில் யாராவது சாதியை இழுத்தால் அந்த நிமிடமே அழித்துவிட்டு அவரிடம் தனியாகப் போன் போட்டுப் பேசுங்கள். அதிகாரியைப் பதவி சொல்லிக் கேளுங்கள், அவர் வீட்டை, குடும்பத்தைத் தொடாதீர்கள். ஏஐ படம் ஒன்றுகூட வேண்டாம், உண்மையான சேறு நம்மிடம் வேண்டிய அளவு இருக்கிறது.

வேலை முடிந்த அன்று அதே கோணத்தில் கடைசிப் படத்தை எடுத்து, தூர்வாரிய தொழிலாளர்களுக்கு நன்றி சொல்லிப் போடுங்கள், அந்த அதிகாரியையும் டேக் செய்யுங்கள். குரூப்பைக் கலைக்க வேண்டாம், முதல் பெருமழை நின்ற மறுநாள் காலையில் தண்ணீர் வடிந்ததா என்று அங்கேதான் கேட்க வேண்டும்.