புவியியல் விடைத்தாளில் மதிப்பெண் நழுவும் இடங்கள்

பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் பலர் புவியியலைப் பத்தி பத்தியாக உருப்போடுகிறார்கள். ஒரு மதிப்பெண் வினாவுக்கு அது போதும். 'காரணம் கூறுக', 'வேறுபடுத்துக' என்று வரும் இடங்களில்தான் அந்தப் படிப்பு காலை வாரிவிடுகிறது. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே இங்கு மதிப்பெண்ணை விட்டுவிட்டு வருவதைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை.

ஒரு வினாவை எடுத்துக்கொள்வோம். 'தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தமிழ்நாடு குறைந்த மழையையே பெறுகிறது. காரணம் கூறுக.' பெரும்பாலான விடைகள் 'தமிழ்நாடு மழை மறைவுப் பகுதியில் உள்ளது' என்ற ஒரே வரியோடு நின்றுவிடும். அந்த வரி சரிதான். ஆனால் அது காரணத்தின் பெயர் மட்டுமே, விளக்கம் அல்ல. அரபிக்கடலிலிருந்து ஈரப்பதத்தோடு வரும் காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை தடுக்கிறது. காற்று மேலெழும்பிக் குளிர்கிறது. நீராவி மழையாக மாறி, கேரளமும் கர்நாடகக் கடற்கரையும் அடங்கிய மேற்குச் சரிவில் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும் காற்று வெப்பமடைந்து வறண்டுபோகிறது. அதனால்தான் இந்தப் பக்கம் மழை குறைவு. ஒவ்வொரு படியும் அடுத்த படியைக் கொண்டுவர வேண்டும். நடுவில் ஒன்று விட்டுப்போனாலும் காரணம் முழுமையாகாது. கன்னியாகுமரியும் நீலகிரியும் இதற்கு விதிவிலக்கு, வால்பாறையிலும் தேவாலாவிலும் தென்மேற்குப் பருவத்தில்தான் மழை வெளுத்து வாங்கும் என்று ஒரு வரி சேர்க்கிற மாணவர் புரிந்து எழுதியிருக்கிறார் என்பது திருத்துகிறவருக்கு உடனே தெரிந்துவிடும்.

இதற்கு நேர்எதிரான தவறும் உண்டு. 'மழை' என்ற சொல்லைக் கண்டதும் வடகிழக்குப் பருவக்காற்று, புயல், மாங்காய் மழை என்று பாடம் முழுவதையும் கொட்டுவது. கேட்காததற்கு மதிப்பெண் கிடையாது. போவது அடுத்த வினாவுக்கான நேரம். படிக்கும்போதே வினாவின் வினைச்சொல்லை அடிக்கோடிடும் பழக்கம் வர வேண்டும். 'விவரி' என்றால் விரிக்கலாம். 'காரணம் கூறுக' என்றால் காரணம் மட்டும்தான்.

'வேறுபடுத்துக' வினாவில் நடக்கும் குழப்பம் வேறு வகை. இமயமலை ஆறுகள் பக்கம் 'வற்றாதவை' என்று எழுதிவிட்டு, எதிரே தீபகற்ப ஆறுகள் பக்கம் 'நீர்மின் உற்பத்திக்கு ஏற்றவை' என்று எழுதுகிறார்கள். இரண்டும் பாடநூலில் உள்ளவைதான், ஆனால் ஒன்றுக்கொன்று எதிர் நிற்பவை அல்ல. நீர்வரத்துக்கு எதிரே நீர்வரத்து வர வேண்டும்: பனி உருகுவதாலும் மழையாலும் ஆண்டு முழுவதும் நீர் ஓடுபவை ஒரு பக்கம், மழையை மட்டுமே நம்பியிருப்பதால் கோடையில் வறள்பவை மறுபக்கம். முதலில் ஒப்பிடும் தலைப்புகளை ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டால் இந்தத் தவறு வராது. தீபகற்ப ஆறுகள் எல்லாம் கிழக்கே பாய்பவை என்று எழுதிவிடுவதும் அடிக்கடி காணும் பிழை. நர்மதையும் தபதியும் பிளவுப் பள்ளத்தாக்குகளின் வழியே மேற்கே ஓடி அரபிக்கடலில் கலக்கின்றன.

புள்ளிவிவரத்தைப் பொறுத்தவரை, அரைகுறையாக நினைவிருக்கும் எண்ணை எழுதாமல் விடுவதே நல்லது. எழுதினால் ஆண்டோடு எழுத வேண்டும். இந்திய மக்கள்தொகை '121 கோடி' என்று மொட்டையாக நிற்பதைவிட, '2011 கணக்கெடுப்பின்படி சுமார் 121 கோடி' என்பதே முழுமையான தகவல்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, நிலவரைபடத்தைக் கடைசி வாரத்துக்கென்று தள்ளி வைப்பது. பருவக்காற்றுப் பாடம் படிக்கும் அன்றே வெற்று வரைபடத்தில் காற்றின் அம்புக்குறியைப் போட்டுப் பார்க்க வேண்டும். காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தத் திசையின் பெயரே அதற்கு. இதை வெறும் வரியாகப் படித்தவர்கள்தான் வடகிழக்குப் பருவக்காற்றை வடகிழக்கு நோக்கிப் பாயவிடுகிறார்கள். அதுபோலவே மேற்குத் தொடர்ச்சி மலையைத் தபதிப் பள்ளத்தாக்கின் தெற்கிலிருந்து கன்னியாகுமரி வரை கடற்கரையை ஒட்டிக் கையால் வரைந்து பார்த்தவருக்கு, மேலே சொன்ன மழை வினாவின் விடை பாதி அங்கேயே கிடைத்துவிடும். கிழக்குத் தொடர்ச்சி மலையை ஆறுகள் வெட்டிய துண்டு துண்டான குன்றுகளாக வரைந்து, இரண்டும் நீலகிரியில் சேர்வதையும் காட்டிவிட்டால், இவ்விரு மலைகளை வேறுபடுத்தும் வினாவுக்கும் தனியாக மனப்பாடம் தேவைப்படாது.

இன்னொன்று: வாசித்து முடித்ததையே தயாரிப்பு என்று நினைத்துவிடுகிறார்கள். திருப்புதல் தேர்வு வரும்வரை காத்திருக்காமல், வாரத்துக்கு இரண்டு ஐந்து மதிப்பெண் விடைகளையாவது நூலை மூடிவைத்து, கடிகாரத்தைப் பார்த்து எழுத வேண்டும். பிறகு நூலைத் திறந்து, எந்தப் படி விட்டுப்போனது என்று சிவப்பு மையால் குறித்து, அந்தப் படியை மட்டும் மறுநாள் எழுதிப் பார்த்தால் போதும்.