அம்பாசடர் 1489 சிசி என்ஜினுக்கு ஹெடர் மாட்டும்போது இடைவெளி பார்க்கும் முறை

பழைய அம்பாசடருக்கு ஹெடர் (என்ஜின் புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்த் தொகுப்பு, வார்ப்பிரும்பு மேனிஃபோல்டுக்குப் பதிலாக மாட்டுவது) செய்ய, குழாயை வளைத்து ஒட்டுவது பெரிய காரியமில்லை. நல்ல ஆர்கான் வெல்டர் கிடைத்தால் போதும். தொல்லை வண்டி ஓடத் தொடங்கிய பிறகுதான் வரும். ரிவர்ஸ் போட்டால் "டக்" என்று சேஸிஸில் இடிக்கும், நெரிசலில் நின்றால் கார்புரேட்டர் கொதிக்கும், நாலு மாதத்தில் வெல்டிங் பிளக்கும். ஷெட்டில் என்ஜின் குளிர்ந்து, அசையாமல் நிற்கும்போது மட்டும் இடைவெளி பார்ப்பதுதான் பெரும்பாலும் காரணம். ஹெடருக்கும் மற்ற பாகங்களுக்கும் உள்ள இடைவெளியை, குழாய் சூட்டில் நீளும் அளவையும் என்ஜின் ரப்பரில் ஆடும் அளவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

வேலை தொடங்குமுன் ஒரு விஷயம். வண்டிக்கு 50 வயது தாண்டியிருந்து, 2021-ல் வந்த விதிப்படி 'விஏ' (VA) எண்ணில் விண்டேஜாகப் பதியும் எண்ணம் இருந்தால், என்ஜின் அசல் நிலையில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அவர்கள் ஹெடர் பக்கம் போகாமலிருப்பது நல்லது. மற்றவர்களும் பழைய வார்ப்பிரும்பு மேனிஃபோல்டை பழைய இரும்புக் கடையில் போட்டுவிட வேண்டாம். சைலன்சரும் கட்டாயம் இருக்க வேண்டும், ஹெடர் போட்டோம் என்று அதைக் கழற்றிவிட முடியாது.

இந்த என்ஜினில் இன்லெட் (காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் வழி), எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும் வழி) இரண்டும் இடப்பக்கம். ஸ்பார்க் பிளக்கும் டிஸ்ட்ரிபியூட்டரும் வலப்பக்கம், அதனால் பிளக் வயர் உருகும் பயம் இல்லை. எக்ஸாஸ்ட் வாய்கள் மூன்றுதான்: முதல் சிலிண்டருக்கு ஒன்று, நாலாவதற்கு ஒன்று, நடுவில் உள்ள இரண்டுக்கும் சேர்த்து ஒன்று. ஆகவே மூன்று குழாய் ஹெடர். நாலு குழாய் வேண்டும் என்று கேட்டு வெல்டரைக் குழப்ப வேண்டாம்.

முதலில் என்ஜின் மவுண்டிங் ரப்பரைப் பாருங்கள். வருடக்கணக்கில் எண்ணெய் குடித்து அமுங்கிய ரப்பரோடு அளவெடுத்து ஹெடர் செய்துவிட்டு, பிறகு புது ரப்பர் போட்டால் என்ஜின் மேலே ஏறும், எடுத்த அளவெல்லாம் வீண். இடம், வலம், கியர்பாக்ஸ் அடியில் என எல்லா ரப்பரையும் மாற்றிவிட்டுத்தான் டேப்பைக் கையில் எடுக்க வேண்டும்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, ஏர் கிளீனர், கார்புரேட்டர், மேனிஃபோல்ட் என்ற வரிசையில் இறக்குங்கள். மேனிஃபோல்டை ஹெட்டோடு பிடிக்கும் ஸ்டட் நட்டுகளில் முந்தின இரவே துருநீக்கி எண்ணெய் விட்டு வையுங்கள். கடலோர வண்டி என்றால் இரண்டு இரவு. முரண்டு பிடிக்கும் நட்டைப் பலவந்தமாகத் திருகினால் ஸ்டட் ஹெட்டுக்குள்ளேயே முறியும், பிறகு டிரில் போடும் வேலைதான். பழைய பேக்கிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், உலர்ந்தபடி வயர் பிரஷ் போட்டுத் தூசி கிளப்பாமல், நனைத்துச் சுரண்டி எடுங்கள். மேனிஃபோல்ட் இறங்கினதும் அதன் பின்னால் இரண்டு தகடு மூடிகள் தெரியும், டேப்பெட் சைடு கவர்கள். அவற்றின் பேக்கிங்கை இப்போதே மாற்றுங்கள். அங்கிருந்து கசியும் எண்ணெய் நேராக ஹெடர் மேல் விழுந்து புகையும். ஹெடர் ஏறிவிட்டால் அங்கே கை போகாது. அந்தக் கவர் போல்டை இறுக்கித் தள்ளவும் கூடாது, தகடு வளைந்து முன்பைவிட மோசமாக ஒழுகும்.

அடுத்தது ஃபிளாஞ்ச், அதாவது குழாய்களை ஹெட்டோடு சேர்த்து இறுக்கும் தட்டை முகம். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். இன்லெட்டையும் எக்ஸாஸ்டையும் அடுத்தடுத்து வைத்து, நடுவில் உள்ள ஸ்டட்டில் ஒரே பெரிய வாஷர் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிறது. ஹெடர் ஃபிளாஞ்ச் 10 மி.மீ., இன்லெட் ஃபிளாஞ்ச் 9 மி.மீ. என்றால் வாஷர் ஹெடரை மட்டுமே அழுத்தும், இன்லெட் தளர்ந்து காற்று இழுக்கும், ஐடிலிங் சீராக இருக்காது. கார்புரேட்டரை எத்தனை முறை டியூன் செய்தாலும் சரியாகாது. வெர்னியரால் இரண்டையும் அளந்து, வித்தியாசம் இருந்தால் லேத்தில் அந்த அளவுக்குப் படி வெட்டிய வாஷர் கடைந்து வாங்குங்கள். வெல்டிங் சூட்டில் ஃபிளாஞ்ச் வாழைப்பழம் மாதிரி வளையும் என்பதால், பழைய ஹெட் ஒன்றில் போல்ட் போட்டு இறுக்கி வைத்துத்தான் வெல்ட் செய்யச் சொல்ல வேண்டும். ஒட்டி முடிந்ததும் நேர் விளிம்பு வைத்து 0.15 மி.மீ. ஃபீலர் கேஜ் (மெல்லிய அளவுத் தகடு) நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் முகத்தைக் கிரைண்டிங் செய்தே ஆக வேண்டும், பேக்கிங் அடைத்துக்கொள்ளும் என்று விடக்கூடாது.

இனி இடைவெளி. 60 செ.மீ. குழாய் 400 டிகிரி சூடேறினால் சாதா இரும்பில் சுமார் 3 மி.மீ. நீளும், எஸ்.எஸ். 304-ல் (துருப்பிடிக்காத எஃகு) 4 மி.மீ.க்கு மேல். இதற்கு மேல் என்ஜின் ஆட்டம். முன் கியரில் இழுக்கும்போது என்ஜினின் இடப்பக்கம் மேலே எழும், ரிவர்ஸில் கீழே இறங்கும். ஹெடர் இடப்பக்கம் இருப்பதால், முன்னால் ஓட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டவருக்கு ரிவர்ஸில்தான் சத்தம் கேட்கிறது.

பட்டறைக் கணக்கில் சொன்னால், சேஸிஸ், பாடி தகடுகளிடமிருந்து குறைந்தது நாலு நூல், அதாவது அரை இஞ்ச் (12.7 மி.மீ.). எஸ்.எஸ். என்றால் ஐந்து நூல் விடுங்கள். டார்ஷன் பாரிடமிருந்து ஆறு நூல். அது வெறும் கம்பியல்ல, முன் சக்கரத்தின் ஸ்பிரிங். குழாய் உரசி ஒரு கீறல் விழுந்தாலும் அங்கிருந்துதான் விரிசல் தொடங்கும். பிரேக் ஹோஸ், பெட்ரோல் குழாய், வயரிங் எல்லாவற்றுக்கும் இரண்டு இஞ்ச். அவ்வளவு கிடைக்காத இடத்தில் லைனை நகர்த்துங்கள், அதுவும் முடியாவிட்டால் தகடு மறைப்பு.

அளக்கும் விதம்: நட்டுகளைக் கையால் முடுக்கி ஹெடரை நிறுத்துங்கள். நெருக்கமான இடங்களில் ஈரக் களிமண் உருண்டை வையுங்கள். ஒருவர் கடப்பாரையை மரக்கட்டை மேல் ஊன்றி என்ஜினை இடமும் வலமும் நெம்பட்டும், குழாயில் நெம்பக் கூடாது. பிறகு களிமண்ணைக் கத்தியால் வெட்டி, நசுங்கிய இடத்தின் கனத்தை அளங்கள். ஆட்டத்துக்குப் பிறகும் 6 மி.மீ. மிஞ்ச வேண்டும். மிஞ்சவில்லையா, குழாயை வெட்டித் திருப்பி ஒட்டுவதே சரி. சுத்தியலால் குழாயை ஒடுக்கினால் அந்தச் சிலிண்டருக்கு மூச்சு முட்டும். சேஸிஸை வெட்டவே கூடாது.

கீழே பார்க்கும்போது தரையையும் பாருங்கள். குறுக்குச் சட்டத்தைவிடக் குழாய் தாழ்ந்திருந்தால் ஊர் வேகத்தடைகள் அதைச் சும்மா விடாது. தவிர, ஜனவரி, பிப்ரவரியில் ரப்பர் மரம் இலை உதிர்க்கும் காலத்தில் நம் குமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கத் தோட்டங்களில் சருகு கணுக்கால் வரை கிடக்கும். ஓடி வந்த சூட்டோடு அதன் மேல் வண்டியை நிறுத்துவது தீக்குச்சி கிழிப்பதற்குச் சமம்.

ஹெடருக்குப் பின்னால் வரும் முதல் தாங்கி கியர்பாக்ஸில் இருக்க வேண்டும், பாடியில் அல்ல. பாடியில் மாட்டினால் என்ஜின் ஆடும், குழாய் ஆடாது, மூன்று குழாயும் சேரும் இடத்தில் வெல்டிங் பிளக்கும். தாங்கிக்குப் பின்னால் வளைந்து கொடுக்கும் ஒரு ஃபிளெக்ஸ் துண்டு சேர்த்தால் இன்னும் நல்லது.

கார்புரேட்டருக்கு அடியில் 1 மி.மீ. அலுமினியத் தகடு அவசியம். குழாய்க்கும் தகடுக்கும் நடுவில் நாலு நூல், தகடுக்கும் மிதவைக் கிண்ணத்துக்கும் நடுவில் நாலு நூல் காற்று ஓட வேண்டும். ஒட்டிக் கிடக்கும் தகடு சூட்டை அப்படியே கடத்தும். ஆரல்வாய்மொழியின் பலத்த காற்றில் ஓட்டிப் பார்த்து "சூடே இல்லை" என்பதில் அர்த்தமில்லை. வடசேரியிலோ மார்த்தாண்டம் சந்திப்பிலோ மதிய நேரம் பத்து நிமிடம் ஊர்ந்த பிறகு பெட்ரோல் ஆவியாகி வண்டி நிற்கிறதா என்பதுதான் சோதனை.

இடைவெளி போதாததற்கு ஈடாகக் குழாயில் கண்ணாடி நார்ப் பட்டை சுற்றும் வழக்கம் பெருகியிருக்கிறது. குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி போலக் கடலோரத்தில் ஓடும் வண்டிக்கு அது வேண்டாம். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. உப்பு கலந்த ஈரத்தைப் பட்டை பிடித்து வைக்கும், உள்ளே இரும்புக் குழாய் இற்றுப்போவது வெளியே தெரியாது. 1.6 மி.மீ. குழாயும் 600 டிகிரி தாங்கும் பெயின்டும் போதும்.

எல்லாம் சரியென்றால் புதுப் பேக்கிங் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு, மூன்று சுற்றாக 20 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள். பித்தளை நட்டு போட்டால் அடுத்த முறை கழற்றும்போது ஸ்டட் பிழைக்கும். முதல் ஸ்டார்ட்டில் பெயின்ட் புகை வரும், பயப்பட வேண்டாம். பத்து நிமிடம் ஐடிலிங், முழுதாக ஆறவிட்டு மறுபடி இறுக்கம், 100 கி.மீ. ஓடிய பின் இன்னொரு தடவை. சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, ஒருவர் ரிவர்ஸில் கிளட்சைக் கொஞ்சம் விட்டு என்ஜினைத் திணறவைக்க, மற்றவர் முன்னும் பின்னும் நிற்காமல் பக்கவாட்டில் நின்று பார்க்கட்டும். ஹெடரில் மூச்சு எளிதாவதால் கலவை மெலியலாம், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் குறையலாம். பிளக் முனை வெள்ளையாக இருந்தால் கார்புரேட்டரில் பெட்ரோலைச் சற்றுக் கூட்டுங்கள். ஃபிளாஞ்ச் ஓரத்தில் கறுப்புக் கரிக்கோடு தெரிந்தால் அங்கே கசிகிறது. வெறுமனே இறுக்கிப் பார்க்காமல் கழற்றி, ஃபிளாஞ்ச் முகத்தை மறுபடி சோதியுங்கள்.