மலைக்கு ஜெபிக்கப் போகும் கொழும்பு வாலிபர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாடசாலை விடுமுறை நெருங்கினால் கொட்டாஞ்சேனையிலிருந்து தெஹிவளை வரை தமிழ்ச் சபைகளின் வாலிபர் கூட்டங்களில் ஒரே பேச்சுத்தான்: இந்த முறை எந்த மலை? அப்புத்தளையா, பண்டாரவளையா, அட்டனா? மேலே ஒரு ஜெப வீடு, கீழே ஒரு தேயிலைத் தோட்டம், மூன்று நாள் உபவாசமும் ஊழியமும். பல வருடங்களாக நானும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். நாங்கள் செய்த அதே தவறுகளைப் புதிதாகப் போகிறவர்களும் செய்வதைப் பார்க்க மனம் கேட்கவில்லை.

எல்லாத் தவறுக்கும் வேர் ஒன்றுதான். ஜெபத்தை நாம்தான் அந்த மலைக்குக் கொண்டுபோகிறோம் என்று நினைத்துவிடுகிறோம். தோட்டத் தொழிலாளர்களுக்கென்றே 'தமிழ் கூலி மிஷன்' தொடங்கியது 1854இல். அதன் பெயர் இன்று காதில் உறுத்தும். ஆனாலும் ஐந்து ஆறு தலைமுறையாக அங்கே சபை இருக்கிறது, உபதேசியார் இருக்கிறார், விடியற்காலையில் முழங்காலில் நிற்கிற பாட்டிமார் இருக்கிறார்கள். நாம் அவர்களுடைய வீட்டுக்கு வந்த விருந்தாளிகள்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு முழு இரவு ஜெபத்தில். கீபோர்டும் பெரிய ஸ்பீக்கர் பெட்டியும் கொண்டுபோயிருந்தோம். இரவு பதினொரு மணி தாண்டியும் பாடல் நிற்கவில்லை. கீழே லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து, ஓர் அம்மா டோர்ச் வெளிச்சத்தில் ஏறி வந்தார். சேலைக்கு மேல் ஒரு பழைய கோட், தலையில் துவாய். வாசலிலேயே நின்று, "புள்ளைகளா, நல்லாத்தான் பாடுறீங்க. ஆனா விடிஞ்சா எங்களுக்குப் பெரட்டு இருக்கு, கொஞ்சம் மெதுவா பாடுங்க" என்றார். பெரட்டு என்கிற காலை ஆள்கணக்கில் பேர் கொடுத்துவிட்டு மலையேறி, பதினெட்டு இருபது கிலோ கொழுந்து பறித்தால்தான் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம். அவருடைய தூக்கத்தை எடுத்துக்கொண்டு நாங்கள் அவருக்காகவே ஜெபித்துக்கொண்டிருந்தோம். அன்று முதல் ஸ்பீக்கர் கொண்டுபோவதில்லை. ஒரு கிட்டார் போதும்.

லூக்கா 6ஆம் அதிகாரத்தைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். இயேசு இராமுழுவதும் மலையில் ஜெபித்தார், அப்புறம் கீழே இறங்கி சமனான இடத்தில் ஜனங்கள் நடுவே நின்றார். நம்மில் பலர் மலையிலேயே நின்றுவிடுகிறோம். இறங்கினாலும் அவசரமாக இறங்குகிறோம்.

அவசரத்தில் நடக்கிற தவறு, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி டொபியும் கொப்பியும் கொடுத்துப் படம் எடுப்பது. அந்தப் படம் இரவுக்குள் வட்ஸ்அப்பில் வந்துவிடும். உங்கள் தம்பியை யாரோ அப்படி நிறுத்திப் படம் எடுத்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? என்ன தேவை என்று உபதேசியாரிடமோ தோட்டப் பாடசாலை ஆசிரியரிடமோ முதலிலேயே கேளுங்கள். பொருளை அவர்கள் கையால் கொடுக்கவிடுங்கள். போனைப் பைக்குள் வையுங்கள்.

தோட்டத்தில் பெரும்பாலானவர்கள் இந்துக்கள். கேட்காமல் லயத்துக் கதவைத் தட்டித் துண்டுப்பிரதி கொடுப்பது, மாரியம்மன் திருவிழா நடக்கிற நாளில் போய் எதிர்க்கூட்டம் போடுவது இரண்டும் கூடவே கூடாது. நாம் மறுநாள் பஸ் ஏறிவிடுவோம். அதன் கசப்பை அங்கேயே வாழ்கிற நாலைந்து கிறிஸ்தவக் குடும்பங்கள்தான் வருடக்கணக்காகச் சுமக்க வேண்டும். உள்ளே கூப்பிட்டால் போங்கள், பிளேன்டீ கொடுத்தால் குடியுங்கள், ஜெபிக்கலாமா என்று கேட்டுவிட்டு ஜெபியுங்கள். சுகமில்லாதவரிடம் மருந்தை நிறுத்தும்படி ஒருபோதும் சொல்லாதீர்கள். இன்சுலினும் பிரஷர் குளிசையும் அவருக்கு உயிர்.

தோட்டத்துக்குள் போக நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். "பாஸ்டருக்குத் தெரிந்த இடம்தானே" என்பது போதாது. சபைக் கடிதத்தோடு முன்கூட்டியே துரையிடம் (தோட்ட மனேஜரிடம்) கேளுங்கள், தோட்டத் தலைவருக்கும் சொல்லி வையுங்கள்.

இனி உயிர் சம்பந்தப்பட்டது. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போனதை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. ஒக்டோபர், நவம்பர் மழையில் "விசுவாசத்தோடு போவோம்" என்று கிளம்புவது விசுவாசம் ஆகாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைத் தினமும் பாருங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினாலே விழிப்பாக இருக்கச் சொல்கிறார்கள், 150 தாண்டினால் வெளியேறச் சொல்கிறார்கள். நீங்கள் போகும் பிரதேசத்துக்கு மஞ்சள் எச்சரிக்கை (முதல் நிலை) அறிவித்திருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். ஹயர் அட்வான்ஸ் போனால் போகட்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அம்புலன்ஸ் 1990 இரண்டும் எல்லோருடைய போனிலும் இருக்கட்டும்.

உபவாசத்தோடு மலையேறுவதிலும் கவனம் வேண்டும். கொழும்புக் கடல் மட்டத்தில் ஒரு வேளை விடுவது வேறு, 1,400 மீற்றருக்கு மேலே இருக்கிற அப்புத்தளையில் குளிரிலும் ஈரத்திலும் விடுவது வேறு. நடக்கிற நாளில் சாப்பிட்டுவிட்டு நடக்கட்டும், உட்கார்ந்து ஜெபிக்கிற நாளில் உபவாசம் இருக்கட்டும். நீரிழிவு, வலிப்பு, வீசிங் உள்ளவர்கள் யார் என்று பெற்றோரிடம் எழுதி வாங்குங்கள். மற்றவர்கள் முன்னால் "நீ உபவாசம் இல்லையா?" என்று கேட்டு எந்தப் பிள்ளையையும் கூச வைக்காதீர்கள். ஆளுக்கொரு ஜம்பர், டோர்ச், மாற்றுக் காலுறை. அட்டைக் கடிக்கு உப்பு.

டிசம்பர் போயாவிலிருந்து (பௌர்ணமி) வெசாக் வரை சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம். அந்த மாதங்களின் போயா வார இறுதியில் அட்டன் பாதையைத் தெரிவுசெய்தால் பாதி ஜெபம் பஸ்ஸுக்குள்தான்.

கடைசியாக, அநேகமாக எல்லாக் குழுவும் மறக்கிற ஒருவர் இருக்கிறார்: டிரைவர். நாம் மேலே விழித்து ஜெபிக்கிறோம், அவர் கீழே குளிரில் பஸ் சீட்டில் சுருண்டு கிடக்கிறார். விடிந்ததும் முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு வளைவுக்கு வளைவு இறக்கத்தில் ஓட்ட வேண்டியவர் அவர்தான். அவருக்கு ஒரு கட்டில், இரண்டு போர்வை, இரவில் சூடான சாப்பாடு. இதைப் பயணத் திட்டத்தின் முதல் வரியில் எழுதிவிட்டு, மற்றதை அதற்குக் கீழே எழுதுங்கள்.