ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் தாண்டிய டீசல் காரில் செய்யக்கூடாத தவறுகள்

அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியில் இன்ஜின் ஆயில் குறைந்திருந்தால் பதறுகிறவர்கள், கூடியிருந்தால் நிம்மதியாக மூடிவிடுகிறார்கள். புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி உள்ள டீசல் காரில் ஆயில் கூடுவது குறைவதைவிட மோசமான அறிகுறி.

வடிகட்டியில் கரி நிறைந்ததும், அதை எரிப்பதற்காக இன்ஜின் கூடுதலாக டீசலைப் பீய்ச்சி, வடிகட்டியின் சூட்டைச் சுமார் 600 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றும். இது முடியக் கால் மணி நேரமாவது தொடர்ந்து ஓட வேண்டும். நான்கு கிலோமீட்டர் போய் நிறுத்துகிற வண்டியில் அது பாதியிலேயே நின்றுவிடும். பல கார்களில் அந்த டீசல் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சப்படுவதால், எரியாத பங்கு சுவர் வழியாக வழிந்து ஆயிலில் கலக்கிறது. இப்படிப் பலமுறை நடந்தால் ஆயில் நீர்த்துப்போகும், அளவு மட்டும் ஏறிக்கொண்டே போகும். பேரிங்குகள் தேயும். மிகவும் கூடிவிட்டால் ஆயில், இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதர் குழாய் வழியே காற்றுப் பாதைக்குள் போய், இன்ஜின் தன் ஆயிலையே எரித்து ஓடத் தொடங்கும். அப்போது சாவியை அணைத்தாலும் அது நிற்காது.

டிப்ஸ்டிக் நுனியிலிருந்து ஒரு சொட்டை டிஷ்யூ காகிதத்தில் விட்டுச் சில மணி நேரம் காத்திருங்கள். கரிய வட்டத்தைச் சுற்றி மஞ்சளான, எண்ணெய்க் கசிவு போன்ற அகன்ற வளையம் படர்ந்தால் டீசல் கலந்திருக்கலாம், முகர்ந்தாலும் தெரியும். மேல் கோட்டைத் தாண்டிய ஆயிலில் கொஞ்சத்தை மட்டும் உறிஞ்சி எடுத்து அளவைச் சரிசெய்வது பயனற்றது. ஆயிலையும் ஃபில்டரையும் முழுதாக மாற்றுங்கள். பிறகு காரணத்தைத் தேடுங்கள்: குறும்பயணம் மட்டுமா, திறந்தபடியே சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட்டால் இன்ஜின் சூடேறவில்லையா, ஒழுகும் இன்ஜெக்டரா? ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் கலந்திருப்பது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட். அந்த வண்டியை ஓட்டவே கூடாது.

ஊற்றி மறைப்பது

பழைய டீசல் வண்டிகளைக் கெடுப்பதில் முதலிடம் "குறைஞ்சா ஊத்திக்கலாம்" என்ற பழக்கத்துக்குத்தான். பல கோளாறுகள் முதலில் வெளியே தெரிவது அளவு மாறுவதில்தான். ஊற்றி நிரப்பினால் அந்தத் தடயம் அழிந்துவிடும். ஊற்றவே கூடாது என்று சொல்லவில்லை. எத்தனை மில்லி, எந்தக் கிலோமீட்டரில் என்று டேஷ்போர்டில் ஒரு சிறு நோட்டில் குறித்துக்கொண்டு ஊற்றுங்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு 200 மில்லி குடித்துக்கொண்டிருந்த இன்ஜின் திடீரென 500 மில்லி குடித்தால் டர்போ சீலையோ பிஸ்டன் ரிங்கையோ பார்க்க வேண்டும். நோட்டு இல்லாவிட்டால் அந்த மாற்றம் கண்ணில் படவே படாது.

அளக்கும்போது வண்டி சமதரையில் நிற்க வேண்டும். இன்ஜினை அணைத்து ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகியிருக்க வேண்டும். பெரும்பாலான கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு லிட்டர் பிடிக்கும். ஒரேயடியாக ஒரு லிட்டரைக் கவிழ்க்காமல் 200 மில்லி ஊற்றி, பொறுத்து, மறுபடி பாருங்கள்.

ஆயில் கறுத்துவிட்டது என்று ஆயிரம் கிலோமீட்டரிலேயே மாற்றுகிறவர்களும் உண்டு. டீசல் இன்ஜினில் புது ஆயில் சில நூறு கிலோமீட்டருக்குள் கறுப்பது இயல்பு. கரியை ஓரிடத்தில் படியவிடாமல் மிதக்கவைப்பது அதன் வேலை. நிறத்தைப் பார்க்காதீர்கள், ஓட்டத்தையும் மாதத்தையும் பாருங்கள். கையேடு அதற்கு மேல் அனுமதித்தாலும், நெரிசலில் ஊர்ந்தே ஓடும் பழைய வண்டிக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இதில் எது முந்துகிறதோ அது போதும்.

"பழைய வண்டிதானே, கெட்டியான ஆயில் போடுங்க" என்ற அறிவுரையை ஏற்காதீர்கள். 5டபிள்யூ-30 கேட்கும் இன்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றினால், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் டர்போவை எட்டத் தாமதமாகும். நிமிடத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் சுழலக்கூடிய டர்போ தண்டு, மெல்லிய ஆயில் படலத்தின் மேல்தான் மிதக்கிறது. ஆயில் அழுத்தத்தால் இயங்கும் செயின் டென்ஷனரும் அந்த நேரத்தில் தளர்ந்துதான் இருக்கும். ஆயில் குடிப்பதைக் கெட்டியான ஆயில் கொஞ்சம் குறைத்துக் காட்டலாம், ஆனால் தேய்மானத்தைக் கூட்டிவிடும். டி.பி.எஃப். உள்ள கார் என்றால் குறைந்த சாம்பல் தரும் வகை, அதாவது கையேட்டில் ஏ.சி.இ.ஏ. சி2, சி3 என்று குறித்திருக்கும் ரகம் கட்டாயம். கரியை எரித்துவிடலாம். ஆயிலின் சாம்பல் எரியாது, வடிகட்டியிலேயே தங்கிவிடும்.

ஃபில்டர் மாற்றும்போது அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று: திருகிக் கழற்றும் ஃபில்டரின் பழைய ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதன்மேல் புது ஃபில்டரை ஏற்றினால் இரட்டை வளையம் அழுத்தத்தைத் தாங்காமல் பிதுங்கும். சில நிமிடத்தில் மொத்த ஆயிலும் சாலையில் கிடக்கும். விரலால் தடவிப் பார்த்துவிட்டே புதியதை ஏற்றுங்கள். டிரெயின் போல்ட்டின் வாஷரையும் ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். கசிகிறதே என்று போல்ட்டை முறுக்கினால் ஆயில் தங்கும் அலுமினியத் தொட்டியான சம்பின் மரை போய்விடும்.

கூலன்ட் தானாகக் குறையாது

கூலன்ட் செலவாகும் பொருள் அல்ல. சில ஆண்டுகளில் சிறிதளவு இறங்கலாம். மாதாமாதம் கால் லிட்டர் ஊற்ற வேண்டியிருந்தால் அது எங்கோ போகிறது. வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளையில் உப்புப் பூத்ததுபோல் காய்ந்த தடம், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி அலுமினியத்தோடு சேரும் ஓரம், ஹோஸ் கிளிப்புகள் ஆகியவற்றை முதலில் பாருங்கள். வெளியே ஒரு சொட்டும் இல்லையென்றால் இன்ஜினுக்குத் திரும்பும் புகையைக் கூலன்ட்டால் குளிரவைக்கும் ஈ.ஜி.ஆர். கூலரைச் சந்தேகிக்க வேண்டும். அது உள்ளே விரிசல் விட்டால் கூலன்ட் நேராகப் புகைப் பாதைக்குள் போய் வெண்புகையாக வெளியேறும். சிலிண்டர் ஹெட்டுக்கு அடியிலுள்ள ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று முடிவுகட்டி இன்ஜினைப் பிரிக்கும் முன் இதைச் சோதிப்பது பெரிய வேலையை மிச்சமாக்கும். இன்னொன்று: முழுக்கக் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல்லாக இறுகினால், சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்ட் பாதைக்குள் புகுவதாகச் சந்தேகிக்கலாம், அப்போதுதான் ஹெட் கேஸ்கெட் பக்கம் போக வேண்டும்.

நிறத்தைப் பார்த்துக் கூலன்ட் வாங்குவது அடுத்த தவறு. பச்சை, சிவப்பு, இளஞ்சிவப்பு எல்லாம் தயாரிப்பாளர் சேர்க்கும் சாயம், தர அளவீடு அல்ல. ஒத்துவராத இரண்டு ரகங்கள் கலந்தால் துருத்தடுப்பு வலுவிழக்கும். சில சேர்க்கைகள் கூழாகி ரேடியேட்டர் குழாயை அடைக்கும். எந்த ரகம் உள்ளே இருக்கிறது என்று தெரியாவிட்டால், முழுவதையும் வடித்துக் கழுவிவிட்டுக் கையேடு சொல்லும் ரகத்தை நிரப்புவதே வழி. அடர் கூலன்ட் என்றால் வாலைவடிநீருடன் (டிஸ்டில்டு வாட்டர்) சரிபாதி. குழாய்த் தண்ணீரின் உப்புகள் இன்ஜினுக்குள் படலமாகப் படியும். முழுக்க அடர் கூலன்ட்டாக ஊற்றுவதும் தவறு, அது சூட்டைக் கடத்துவது குறைவு.

நிரப்பியபின் உள்ளே சிக்கிய காற்றை, அதாவது ஏர் லாக்கை, எடுக்காமல் விடாதீர்கள். ஹீட்டரை முழுச்சூட்டில் வைத்து, பிளீட் திருகு இருந்தால் திறந்து, குமிழி நிற்கும்வரை ஓடவிடுங்கள். முழுதாக ஆறியபின் அளவைத் திரும்பப் பாருங்கள்.

டீசல் ஃபில்டர்

எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே குழாயிலிருந்து (ரெயில்) டீசல் தரும் காமன் ரெயில் அமைப்பில், ஓர் உயர் அழுத்தப் பம்ப் டீசலை 1,600 முதல் 2,000 பார் (அழுத்த அலகு) வரை அழுத்துகிறது. அந்தப் பம்புக்கு உயவு தருவதும் அதே டீசல்தான். தண்ணீர் கலந்தால் உயவு போகும், இன்ஜெக்டரின் ஊசி துருப்பிடிக்கும். ஆகவே ஃபில்டர் மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். பழைய வண்டிக்கு 20,000 கிலோமீட்டருக்கு ஒன்று என்பது வீண்செலவல்ல.

அடிப்பகுதியில் தண்ணீர் வடிக்கும் திருகு இருந்தால், இடையிலும் அதைத் திறந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். கால் மணி நேரம் அசையாமல் வைத்தால் டீசல் மேலே நிற்க, தண்ணீர் நிறமில்லாமல் தனி அடுக்காக அடியில் நிற்கும். பாட்டிலைச் சாய்த்தால் இரண்டுக்கும் நடுவே உள்ள கோடு தெளிவாக நகரும். பழைய ஃபில்டரிலிருந்த டீசலை வெள்ளைத் துணியில் கவிழ்த்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். வெள்ளித்தூள் போல் மினுக்கினால் பம்ப் தேய்கிறது என்று பொருள். புது ஃபில்டர் போட்டு ஓட்டினால் அந்தத் துகள் எல்லா இன்ஜெக்டர்களுக்கும் போகும்; வண்டியை நிறுத்திவிட்டுப் பம்பைச் சோதிக்க வேண்டும்.

மாற்றும்போது ஃபில்டரின் நடுத்துளை வழியே கேனிலிருந்து டீசல் ஊற்றுவது பரவலான தவறு. பெரும்பாலான திருகு ஃபில்டர்களில் நடுத்துளை, வடிகட்டிய டீசல் வெளியேறும் பக்கம். அங்கே ஊற்றும் டீசல் வடிகட்டப்படாமலே பம்புக்குப் போகும். கை பிரைமர் இருந்தால் அது இறுகும்வரை அழுத்துங்கள். டாங்க்கில் மின் பம்ப் இருந்தால் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் செய்து, பத்து விநாடி விட்டு, ஆஃப் செய்வதை நான்கைந்து முறை செய்யுங்கள். காற்று நிரம்பிய நிலையில் நிமிடக்கணக்கில் செல்ஃப் அடித்தால் பம்ப் உயவில்லாமல் உரசும். பழைய இன்ஜின்களில் செய்ததுபோல் இன்ஜெக்டர் குழாய் நட்டைத் தளர்த்திக் காற்று எடுக்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உடலுக்குள் போய்விடும். அப்படிப் பட்டுவிட்டால், காயம் ஊசி குத்தியதுபோல் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

காற்று ஃபில்டரைக் கம்ப்ரசர் காற்றால் ஊதித் திரும்பப் போடாதீர்கள். காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழுந்தால், உள்ளே போகும் புழுதி டர்போ இறக்கையையும் சிலிண்டர் சுவரையும் அரிக்கும்.

டைமிங் பெல்ட்

கிராங்க்கையும் வால்வுகளை இயக்கும் கேமையும் இணைக்கும் இந்தப் பெல்ட்டுக்குக் கையேடு கிலோமீட்டர், ஆண்டு என இரண்டு கெடு சொல்லும். குறைவாக ஓடிய வண்டிக்கும் ஆண்டுக் கெடு பொருந்தும். "பெல்ட்ல வெடிப்பு இல்லையே" என்று தள்ளிப்போடுவது ஆபத்து. இன்றைய பெல்ட்டுகள் வெளியே நன்றாகத் தெரிந்தபடியே பல் உதிரும். டீசல் இன்ஜினில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். பெல்ட்டோடு டென்ஷனர், ஐட்லர், அந்தப் பெல்ட்டே சுழற்றும் வாட்டர் பம்ப் நான்கையும் சேர்த்து மாற்றுங்கள். மாட்டியபின் கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச்சுற்று சுற்றி, குறிகள் திரும்பப் பொருந்துகின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று முடிக்கும்.

மற்றவை

கியர்பாக்ஸ் ஆயிலை வடிக்கும் முன் நிரப்பும் போல்ட் கழல்கிறதா என்று பாருங்கள். வடித்தபின் அது துருவேறிச் சிக்கியிருப்பது தெரிந்தால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். "ஆயுளுக்கும் போதும்" என்ற வாசகத்தை நம்பி ஒன்றரை லட்சம் ஓட்டியிருந்தால் இப்போதாவது மாற்றுங்கள். ஆட்டோமேட்டிக்கில் ஒருமுறை வடித்தால் பழையதில் பெரும்பங்கு உள்ளேயே தங்கும். அளவையும் கையேடு குறிப்பிடும் ஆயில் சூட்டில்தான் பார்க்க வேண்டும்.

பிரேக் ஆயில் மெல்ல இறங்குவது பெரும்பாலும் பேட் தேய்வதால். நிரப்பி வைத்தால், புதுப் பேட் போடும்போது பிஸ்டனைத் தள்ளியதும் பொங்கி வழிந்து பெயின்டை அரிக்கும். பேட் தேயாமலே இறங்கினால் கசிவு இருக்கிறது, ஓட்டக்கூடாது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும்: டாட் 4 ரகத்தின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறியபின் 155 வரை இறங்கலாம். இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

ஹீட்டர் பிளக்கைக் குளிர்ந்த இன்ஜினில் பலம் கொடுத்துத் திருகினால் ஹெட்டுக்குள்ளேயே முறியும். முதல் நாளே ஊடுருவும் எண்ணெய் விட்டு, இன்ஜின் சூடாக இருக்கும்போது கொஞ்சம் தளர்த்தி, கொஞ்சம் இறுக்கி, மெல்ல எடுங்கள்.

புகையைச் சுத்திகரிக்க யூரியாக் கரைசல் ஊற்றும் வண்டியில் அதைத் தவறி டீசல் டாங்க்கில் ஊற்றிவிட்டால் சாவியை ஆன் நிலைக்குக்கூடத் திருப்பாதீர்கள். ஆன் செய்ததும் மின் பம்ப் அதை ஃபில்டருக்கும் உயர் அழுத்தப் பம்புக்கும் அனுப்பிவிடும். டாங்க்கை விட்டு வெளியேறாதவரை, டாங்க்கை இறக்கிக் கழுவுவதோடு வேலை முடிந்துவிடும்.